எல்லையை 20 ஆக்கினால் விடை ஏது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழ்ப் புதிர்ப் பக்கத்தில் வந்த இரு எண்களைக் கண்டுபிடிக்கும் கணக்குக்கு விடை 4, 13 என்று போட்டிருக்கிறீர்கள். கேட்டிருக்கும் விதத்தில் அதற்கு விடையே கிடையாது.

எண்கள் இரண்டும் 2 முதல் 20-க்குள். ஒருவருக்குக் கூட்டுத்தொகை மட்டும் தெரியும், மற்றவருக்குப் பெருக்கற்பலன் மட்டும். “எனக்குத் தெரியவில்லை” என்கிறார் பெருக்கல்காரர். “உங்களுக்குத் தெரியாதென்று எனக்கு முன்பே தெரியும்” என்கிறார் கூட்டல்காரர். “இப்போது தெரிந்துவிட்டது” என்கிறார் பெருக்கல்காரர். “அப்படியானால் எனக்கும்” என்கிறார் கூட்டல்காரர்.

52-ஐக் கையில் வைத்திருப்பவரைப் பாருங்கள். 4 × 13 அல்லது 2 × 26. 26 எல்லைக்கு வெளியே. ஆக அவருக்கு எடுத்த எடுப்பிலேயே எண்கள் தெரிந்துவிடும். முதல் வாக்கியமே பொய்யாகிறது.

வேறு விடை உண்டா என்றால், அதுவும் இல்லை. கூட்டல்காரர் அவ்வளவு உறுதியாகப் பேச, அவருடைய தொகையை எப்படிப் பிரித்தாலும் பெருக்கற்பலன் குழப்பவேண்டும். 4 முதல் 10 வரையும் 12-ம் இரு பகா எண்களாகப் பிரியும்; பெருக்கினால் குழப்பமே இராது. 13 முதல் 39 வரை எந்தத் தொகையிலும் 11 அல்லது 19 ஓர் எண்ணாக வரமுடியும். அவற்றின் இருமடங்கான 22-ம் 38-ம் எல்லை தாண்டுவதால் அங்கேயும் ஒரே வழிதான். 40 என்றால் 20, 20. மிஞ்சுவது 11 ஒன்றே. அதன் பெருக்கற்பலன்கள் 18, 24, 28, 30. நான்கில் எது இருந்தாலும் பெருக்கல்காரர் கண்டுபிடித்துவிடுவார்; கூட்டல்காரர்தான் நான்குக்கும் நடுவே விழிப்பார். கடைசி வாக்கியம் வரவே வராது.

இந்தச் சறுக்கல் உங்களுடையது மட்டுமல்ல. 1969-இல் கணிதவியலாளர் ஹான்ஸ் ஃப்ராய்டென்தால் நெதர்லாந்துக் கணித இதழொன்றில் இந்தக் கணக்கைக் கேட்டபோது நிபந்தனை வேறு: 1-ஐவிடப் பெரிய, வெவ்வேறான இரு முழு எண்கள், கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டாது. 1979 டிசம்பரில் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் எளிமைப்படுத்துவதாக எண்ணி எல்லையை 20 ஆக்கினார். இதே பள்ளத்தில்தான் விழுந்தார்.

பழைய நிபந்தனையில் 52-க்கு 2 × 26 உயிர்பெறுகிறது. அதன் தொகை 28. அது 5 + 23 என்று பகா எண்களாகப் பிரிவதால் கூட்டல்காரரின் பேச்சைக் கேட்டதும் கழிந்துவிடும். 4, 13-இன் தொகையான 17-இன் மற்றப் பிரிவுகளுக்கு இந்த வசதி இல்லை; அவற்றின் பெருக்கற்பலன்களுக்கு 17-ஐத் தவிரக் கழியாத வேறொரு தொகையும் மிஞ்சும்: 30-க்கு 11-ம், 42-க்கும் 60-க்கும் 23-ம், 66-க்கு 35-ம், 70-க்கு 37-ம், 72-க்கு 27-ம் குறுக்கே நிற்கின்றன. 4, 13 தப்புவது இப்படித்தான்.

திருத்தம் போடும்போது விடையைத் தொடவேண்டாம். கேள்வியில் 20-ஐ எடுத்துவிட்டு மேற்கண்ட நிபந்தனையை அப்படியே சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
புதிர்ப் பக்க வாசகர்