நடுவழித் துறைமுகத்தில் இறங்குவது பற்றி முன்பே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலாஸ்கா உல்லாசக் கப்பல் பயணம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பனிமலைகளைப் பற்றி அதில் உள்ளவை அனைத்தும் உண்மை. ஆனால், அவசரம் என்று வந்தால் வழியில் ஒரு துறைமுகத்தில் இறங்கி ஊர் திரும்பலாமா என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் பலர் இந்தக் கப்பல்களில் ஏறுவதால் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஜூலையில் மகள், மருமகனுடன் நானும் என் மனைவியும் சியாட்டிலில் கப்பலேறினோம். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்து ஜூனோ துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்த மதியம், என் மைத்துனர் பாளையங்கோட்டையில் காலமானார் என்ற செய்தி வந்தது. உடலை ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருப்பதாக ஊரில் சொன்னார்கள். அண்ணனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று என் மனைவி துடித்தார். ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. விமானமோ கப்பலோதான் வழி. மாலை விமானத்தில் மகள் இடமும் பார்த்துவிட்டாள். பெட்டியுடன் கப்பலின் வரவேற்பு மேசைக்குப் போனபோதுதான், இங்கே இறங்கிவிட்டால் தலைக்கு ஏறத்தாழ 900 டாலர் அபராதம், அதை நீங்களே கட்ட வேண்டும் என்றார்கள். அங்கிருந்த பெண் வருத்தத்துடன்தான் சொன்னார்; ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பி, தொகையின் கீழே பேனாவால் கோடிட்டுக் காட்டினார். எதற்கு இந்த அபராதம், இதனால் எங்கள் விசாவுக்குக் கேடு வருமா என்று விசாரித்து முடிப்பதற்குள் விமானமும் போய்விட்டது, கப்பலும் புறப்பட்டுவிட்டது. பதினாறாம் நாள் காரியத்தில்தான் என் மனைவியால் கலந்துகொள்ள முடிந்தது.

காரணம் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். வெளிநாட்டுக் கொடியுடன் ஓடும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடக் கூடாது என்பது அதன் சாரம். உள்நாட்டுக் கப்பல் தொழிலைக் காக்க வந்த அச்சட்டத்தில் அன்று தலைக்கு 2 டாலராக இருந்த அபராதம், 1898-ல் 200 டாலராகி, பிறகு விலைவாசியோடு ஏறியிருக்கிறது. பெரிய உல்லாசக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியுடன் ஓடுபவை. சியாட்டிலில் புறப்படும் கப்பல் வழியில் கனடாவின் விக்டோரியாவில் நின்று வருவதும் இச்சட்டத்துக்காகவே. கொரோனா காலத்தில் கனடா தன் துறைமுகங்களை உல்லாசக் கப்பல்களுக்கு மூடியபோது, 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றித்தான் அலாஸ்காக் கப்பல்களை ஓடவிட்டது. அபராதம் கப்பல் நிறுவனத்தின் மீது விழுகிறது; நிறுவனம் பயணியிடம் வசூலிக்கிறது. தக்க காரணம் காட்டிக் குறைக்கக் கோரி மனுச் செய்யவும் வழி உண்டு. அன்று எங்களுக்கு அது தெரியாது. கனடாவின் வான்கூவரில் கப்பலேறியிருந்தால், ஜூனோவில் இறங்க இந்தச் சட்டம் குறுக்கே வந்திருக்காது.

எங்களுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர் அறை, சைவச் சாப்பாடு, உடுப்பு என்று அரைமணி நேரம் விளக்கினார், இதைச் சொல்லவில்லை. ஊரில் வயதானவர்களை விட்டுவிட்டுப் பயணம் போகிறவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். எந்தத் துறைமுகத்தில் இறங்கலாம், இறங்கினால் எவ்வளவு கட்ட வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைக் கட்டணம் வாங்குவதற்கு முன்பே தமிழில் எழுதிக் கொடுக்குமாறு முகவர்களை வேண்டுகிறேன். இத்தகைய கட்டுரைகளின் கீழே தாங்களும் இதைக் கட்டம் கட்டி வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
பாளையங்கோட்டை.