முன்னாள் படைவீரர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தாரே, வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பர்ஷ் ஓய்வூதிய இணையதளத்தில் வாழ்நாள் சான்று பதியத் தெரியாதவர்களுக்கு நவம்பர் முழுவதும் அலுவலகத்திலேயே பதிந்து கொடுத்தோம். கார்கில் நாளும் கொடிநாளும் நன்றாக நடந்தன. சந்தா பாக்கி இருக்கிறது. யாரென்று அவரவருக்கே தெரியும்.

இந்த ஆண்டின் புது வேலை, மனபாரத்தில் இருக்கும் படைவீரர்கள் அழைத்துப் பேச ஓர் இரவுத் தொலைபேசி. பணியில் இருக்கும் பையன்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று நமக்குத் தெரியாதா? படையில் உடல்தகுதியைக் குறிக்கும் ‘ஷேப்’ (SHAPE) மருத்துவ வகையில் முதல் எழுத்தே மனநிலைக்கு. அதில் இறங்கினால் பிரமோஷன் போய்விடுமோ என்ற பயம். ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களும் இதே கதைதான். அரசுப் படிவத்தில் எழுதியதைவிட அதிகமான அறிகுறிகளை ‘எல்லி’ என்ற கணினி உருவத்திடம் சொன்னதாக 2017-இல் ஓர் ஆய்வு வந்தது.

நாம் இயந்திரத்தைப் பேசவிடவில்லை. பேசுவது நம் ஆட்கள்தான். ஆனால் கேட்கப் பழக வேண்டுமே! அதற்குத்தான் செயற்கை நுண்ணறிவு. தூக்கம் வராத ஹவில்தாராக நடிக்கச் சொன்னோம். “தாளாத வேதனையில் உழல்கிறேன்” என்று ஆரம்பித்தது. சுபேதார் சாப் ஒருவர், “எந்த ஹவில்தார்யா இப்படிப் பேசுவான்?” என்று சிரித்துவிட்டார். திருத்தியபின், “ஒண்ணுமில்ல சாப், தூக்கம்தான் வரல” என்றது. அவர் உடனே, “காலையில ஓடு, யோகா பண்ணு” என்றார். பதில், “சரிங்க சாப்.” அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. சாப் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “என் பையன்கிட்டயும் இப்படித்தான் பேசியிருக்கேன்” என்றார்.

ஒரு தவறும் நடந்தது. உறுப்பினர் ஒருவர், அழைத்தவரின் பெயர், யூனிட், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் அந்தச் செயற்கை நுண்ணறிவில் தட்டிவிட்டு யோசனை கேட்டிருக்கிறார். நல்லெண்ணம்தான், ஆனாலும் கூடாது. யாருடைய உண்மைக் கதையும் அதற்குள் போகக்கூடாது என்று அன்றே தீர்மானம் போட்டோம். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் தொடர்பைத் துண்டிக்காமல், இன்னொருவர் மூலம் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்க வேண்டும். படைவீரர்களுக்கென்றே புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் அதன் தனிப்பிரிவு தொடங்கியிருக்கிறது.

சனிக்கிழமை இரவு முறைக்கு மட்டும் இன்னும் இரண்டு பேர் தேவை. பொருளாளர் மேசையில் நோட்டு இருக்கிறது. பெயரை எழுதிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

செயலாளர்