பதினோரு ஆண்டு படித்தும் பேச வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேல்ஸ் நாட்டில் வெல்ஷ் மொழி மீண்டெழுவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல ஆண்டுகளாகக் கார்மார்தனில் வசிப்பவள் என்பதால் ஆசையோடு படித்தேன். ஆனால் பள்ளியை முடித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு அந்த மொழி பேச வருகிறதா என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

இங்கே 1999 முதல் எல்லாப் பள்ளிகளிலும் பதினாறு வயது வரை வெல்ஷ் கட்டாயம். ஆங்கில வழியில் படித்த என் மகன், பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வில் வெல்ஷ் பாடத்துக்கு ஏ வாங்கினான். அந்தக் கோடையில் ஒரு முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலைக்குச் சேர்ந்தான். மறதி நோய் வந்த ஒரு பாட்டிக்கு ஆங்கிலம் நழுவிப் போய், சிறு வயதில் பேசிய வெல்ஷ் மட்டும் மிஞ்சியிருந்தது. டீ கொண்டுபோன இவனிடம் நெடுநேரம் ஏதோ சொல்லியிருக்கிறார். ‘போரே டா’ (காலை வணக்கம்), ‘டியோல்க்’ (நன்றி) தாண்டி இவனுக்கு ஒன்றும் வரவில்லை. “அவங்க என்ன கேட்டாங்கன்னுகூடத் தெரியலம்மா” என்று அன்று இரவு சொன்னான். எனக்கு மனசே ஆறவில்லை.

அடுத்த தெருப் பெண் ஒருத்தி, அவள் பெற்றோருக்கும் வெல்ஷ் தெரியாது, வெல்ஷ் வழிப் பள்ளியில் படித்தவள். கணக்கு, வரலாறு, விளையாட்டு எல்லாம் அதில்தான். ஏழு வயதிலேயே சரளமாகப் பேசினாள். ஆங்கிலம் கெட்டுவிடுமோ என்று நாங்கள்தான் தயங்கினோம். வீண் பயம், அவள் ஆங்கிலமும் என் மகனுடையதைப் போலவே இருக்கிறது. ஒரு மொழியை வாரத்துக்கு ஓரிரு பீரியடில் தேர்வுக்காகப் படிப்பது வேறு, நாள் முழுக்க அதிலேயே புழங்குவது வேறு.

2011 கணக்கெடுப்பில் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 40.3 விழுக்காட்டினர் வெல்ஷ் பேசுவதாகப் பதிவானது. 2021இல் அது 34.3. எங்கள் ஊர் இருக்கும் கார்மார்தன்ஷயர் மாவட்டத்திலேயே மொத்தப் பேச்சாளர்கள் 43.9இலிருந்து 39.9 விழுக்காடாகக் குறைந்துவிட்டார்கள். 2050க்குள் பத்து லட்சம் பேச்சாளர்கள் என்பது அரசின் இலக்கு. அதற்காக 2025இல் புதுச் சட்டமும் வந்திருக்கிறது: 2050க்குள் பள்ளியை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தடுமாறாமல் வெல்ஷ் பேச வேண்டும், ஆங்கில வழிப் பள்ளிகளும் குறைந்தது 10 விழுக்காடு நேரத்தை வெல்ஷுக்குத் தர வேண்டும். மனமார வரவேற்கிறேன். சரி, அந்த நேரத்தில் வெல்ஷில் கணக்கும் அறிவியலும் நடத்த ஆசிரியர்கள் எங்கே? இப்போதே உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். முதல் பணம் அங்கே போக வேண்டும்.

இங்கே குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளை வெல்ஷ் வழிப் பள்ளியில் சேர்க்கத் தயங்காதீர்கள். நடுவில் வந்து சேரும் பிள்ளைகளுக்கு மொழியைப் பழக்கிவிடும் மையங்கள் பல பகுதிகளில் இருக்கின்றன. வீட்டில் தமிழும் வெளியே ஆங்கிலமும் பேசும் பிள்ளைக்கு மூன்றாவது மொழி பாரமே இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கார்மார்தன், வேல்ஸ்