ஐம்பது மூட்டை

சிவமயம்

பள்ளத்தூர்

அன்புள்ள மெய்யப்பனுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். பிள்ளையார் நோன்புக்கு அங்கே கோயிலில் இழை எடுத்துக்கொண்டாயா? உன் போன் வரும் என்று ஆத்தா ராத்திரி பத்து மணிவரை முகப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். வேலை இருந்திருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

தீபாவளிக்குப் பேசியபோது நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். விலை என்பது ஒரு சேதி, எங்கே சரக்குக் குறைவு, எங்கே தேவை அதிகம் என்று அதுவே ஊருக்கெல்லாம் சொல்லிவிடும், அரசாங்கம் அதில் கை வைத்தால் சேதி கெட்டுவிடும் என்றாய். ஹயெக் என்று ஒரு பொருளாதார அறிஞர் பெயரும் சொன்னாய். இவ்வளவு படித்திருக்கிறாயே என்று பெருமையாகத்தான் இருந்தது. நான் மறுக்கவில்லை. 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்ததும் பதுங்கியிருந்த நெல்லெல்லாம் வெளியே வந்தது என்று ஐயா சொல்வார்கள்.

ஆனால் விழுகிற கம்பெனியை அரசாங்கம் தாங்கக் கூடாது, விழட்டும் என்றாயே, அப்போது உன் குரல் சரியாக இல்லை. கம்பெனி விழட்டும், சரி. அதில் சம்பளம் வாங்குகிறவன் என்ன செய்வான்? பொதுவாகத்தான் கேட்கிறேன். ஆறு மாதச் செலவுக்குக் கைமுதல் வைத்துக்கொள்.

பர்மாவில் நம்மவர்கள் வட்டிக்குக் கொடுத்த பியாபோன் கதை உனக்குத் தெரியும். 1930-ல் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, நிலம் நம்மவர்கள் பேருக்கு வந்தது. சில வருஷத்தில் கீழ் பர்மா வயல்களில் கால்வாசி செட்டியார்கள் கையில். வட்டிதான் வேண்டும், நிலம் யாருக்கு வேண்டும்? நிலத்தோடு அந்த ஊர்க்காரர்களின் வெறுப்பும் வந்தது. 1948-ல் நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டார்கள். ஐயா கடைசிவரை அந்தச் சட்டத்தைத்தான் திட்டினார்கள். அதற்கு முந்தின பதினெட்டு வருஷத்தைப் பேசியதே இல்லை.

நானும் அப்படித்தான் இருந்துவிட்டேன். நம் சிமெண்டுக் கடையை அரசாங்கம்தான் கெடுத்தது என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். நீ பேசுவதில் பாதி அங்கே கேட்டதுதான். அது பொய், மெய்யப்பா. சிமெண்டை அரசாங்கமே விலை வைத்துப் பங்கிட்ட கண்ட்ரோல் காலத்தில்தான் கடை நன்றாக ஓடியது. பர்மிட் இல்லாமல் மூட்டை கிடைக்காது, பர்மிட்டோடு வருகிறவர் என்னிடம்தான் வர வேண்டும். 1982-ல் பாதி திறந்தார்கள், 1989-ல் முழுக்க எடுத்தார்கள். அப்புறம் எந்தக் கடையிலும் சிமெண்டு. விலையிலும் என்னால் நிற்க முடியவில்லை, ஆட்களைப் பிடித்துவைக்க கடனுக்குக் கொடுத்தேன், வசூலாகவில்லை. பேரேட்டை எடுத்துப் பார், எல்லாம் என் கையெழுத்து.

இன்னொன்றும் இருக்கிறது. 1980-ல் ஒரு வாத்தியார் வீடு கட்ட ஐம்பது மூட்டைக்குப் பர்மிட் கொண்டுவந்தார். மூன்று மாதம் அலைந்து வாங்கியது. முப்பதைக் கொடுத்துவிட்டு, லோடு குறைவாக வந்தது என்றேன். இருபதை ராத்திரியோடு ராத்திரியாக வேறொருவருக்கு அதிக விலைக்குக் கொடுத்தேன். அந்த மழைக்காலம் முழுக்க அவர் வீடு கூரையில்லாமல் நின்றது. கண்ட்ரோல் இல்லாவிட்டால் அந்தத் திருட்டுக்கே இடமில்லை என்பாய். உண்மைதான். ஆனாலும் மூட்டையை மாற்றி ஏற்றச் சொன்னது நான். இது ஆத்தாவுக்குத் தெரியாது.

கடை போனபோது ஆறு மாதம் வீட்டில் சொல்லாமல், தினம் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு காரைக்குடிக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதுபோல ஒரு கஷ்டம் எனக்கு வேறு வந்ததில்லை.

இரண்டாம் கட்டில் உன் அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. பெரிய செலவு எதுவும் இப்போது வைத்துக்கொள்ளாதே, கைமுதல் முக்கியம். நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆத்தா கோயிலுக்குப் போய்விடுவாள். எட்டு மணிக்குத்தான் வருவாள். நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

இப்படிக்கு,
அப்பச்சி