சட்டை மாறி நிற்பவனுக்கும் ஒரு கோப்பை

ஊர்தோறும் மின்னொளி வாலிபால் போட்டி நடத்தும் விழாக்குழு அண்ணன்களுக்கு, வணக்கம்.

போன வருடம் ஓர் ஊரில் எங்கள் டீம் கோர்ட்டில் இறங்கியதும் மைக்கில் ஒருவர், "வேற கலர் சட்டை போட்டிருக்கிற தம்பி, டீம் பனியனை மாத்திட்டு வாங்க" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தத் தம்பி நான்தான். நான் லிபரோ, அதாவது பந்தை எடுத்துத் தடுப்பதற்கென்றே இறங்கும் ஆட்டக்காரன். என் பனியன் வேறு கலரில்தான் இருக்க வேண்டும்.

லிபரோ இத்தாலியச் சொல். கட்டில்லாதவன் என்று பொருள். முதலில் கால்பந்துக்குத்தான் இது சொந்தம். மற்ற டிஃபெண்டர்கள் எதிரணியில் ஆளுக்கொருவரைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவன் மட்டும் யாரையும் பிடிக்காமல் கடைசியில் நின்று, தப்பி வரும் பந்தையெல்லாம் அள்ளுவான். அவனுக்கு இந்தப் பெயரை வைத்தவர் ஜானி பிரேரா என்ற இத்தாலியப் பத்திரிகையாளர். 1964, 1965 இரண்டு வருடமும் இன்டர் மிலான் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அந்த இடத்தில் நின்றவர் அர்மாண்டோ பிக்கி. கோல் போட்டவர்களைத்தான் ஊருக்குத் தெரியும். அது எங்கள் ஜாதக தோஷம் போல.

வாலிபாலுக்கு லிபரோ வந்தது 1998இல். ஸ்மாஷும் சர்வும் வலுத்துப்போய், பந்து இரண்டு தட்டு தாண்டாமல் ஒவ்வொரு பாயிண்டும் முடிந்துகொண்டிருந்தது. தடுப்பைப் பலப்படுத்த உலகச் சம்மேளனம் கொண்டுவந்த ஆள் இவன். பெயர்தான் கட்டில்லாதவன், கட்டுகளைக் கேளுங்கள். வலையருகே எகிறிக் கைநீட்டி மறிக்கும் பிளாக் போகக் கூடாது. வலைக்கு மேலே இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அடிக்கக் கூடாது. வலையிலிருந்து மூன்று மீட்டரில் இருக்கும் கோட்டுக்கு முன்னால் நின்று, அடிப்பவனுக்கு விரலால் பந்தைத் தூக்கி செட் கொடுத்தால், அதை வலைக்கு மேல் வைத்து யாரும் ஸ்மாஷ் அடிக்க முடியாது. சர்வதேச விதிப்படி சர்வும் கிடையாது. உள்ளே வெளியே போய்வருவது சப்ஸ்டிட்யூட் கணக்கில் சேராது, அந்த ஒரு சுதந்திரம்தான். இத்தனையையும் ரெஃப்ரி கண்காணிக்கத்தான் வேறு கலர்.

உங்கள் நோட்டீஸில் சிறந்த ஸ்மாஷர், சிறந்த செட்டர் பரிசு இருக்கிறது. சரி, அந்த செட்டர் கைக்குப் பந்து எப்படிப் போகிறது? மண்ணில் விழுந்து முழங்கை தோல் உரிய ஒருவன் எடுத்துக் கொடுக்கிறான்.

உலகப் போட்டிகளில் சிறந்த லிபரோ விருது உண்டு. இந்த வருட நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்குள் நீங்களும் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். கோப்பை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மைக் பிடிக்கும் அண்ணனிடம் மட்டும் பனியன் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
கலர் மாறிய பனியன்காரன்