அமுதசுரபியும் ஒரு நெல்லிக்கனியும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பெர்த்தில் குளிர் இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே சிங்கப்பூரில் வழக்கம்போல மத்தியானம் வெயில், சாயங்காலம் மழை. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. தேக்கா சந்தைக்குத் தானே பஸ் ஏறிப் போய் வருகிறார். நீ எப்போது வருவாய் என்று ஓயாமல் கேட்கிறார்.

உன் மூத்தவன், ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட ஆரம்பித்து, இப்போது கதையை நடத்தும் டி.எம். ஆக அவனே உட்காருகிறான் என்று படித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். தேசிய சேவை முடித்த புதிதில் உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், அந்தக் கல் மேசையில் நாம் ஆடியதெல்லாம் அவனிடம் சொன்னாயா?

மந்திரப் பொருள்களைக் கொடுக்கக் கொடுக்க ஆட்டம் சப்பென்று ஆகிவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்கிறானாம். பிளஸ் ஒன் வாளையே அள்ளிக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். வாள் கையில் வந்ததும் பகடை எண்ணோடு ஒன்று கூடும், அடுத்த வாரம் யாருக்கும் அது நினைவிருக்காது. 1974இல் வந்த முதல் பதிப்பிலேயே இருக்கும் பேக் ஆஃப் ஹோல்டிங் என்ற மந்திரப் பையைப் பார். 2014 பதிப்பின் விதிப்படி ஐந்நூறு பவுண்டு சாமான் கொள்ளும், பையின் எடை எப்போதும் 15 பவுண்டுதான். ஆனால் அதே மாதிரி இன்னொரு பைக்குள் அதைப் போட்டால் இரண்டும் அழிந்து, பக்கத்தில் நிற்பவர்களை ஆஸ்ட்ரல் பிளேன் என்ற வேற்றுலகுக்கு இழுத்துக்கொண்டு போகும். அந்த ஒரு விதிக்காகத்தான் அந்தப் பையை யாரும் மறப்பதில்லை. 2014 பதிப்பில் வந்த அட்யூன்மென்ட் விதியையும், அதாவது மந்திரப் பொருளோடு ஒருவர் தன்னைப் பிணைத்துக்கொள்ளும் விதியையும், அவன் தளர்த்தவே கூடாது. ஒருவர் பிணைத்துக்கொள்வது மூன்று பொருளுக்கு மேல் கிடையாது என்றால்தான் எதை விடுவது என்று யோசிப்பார்கள்.

எனக்கு மணிமேகலையைவிடப் பெரிய விதிப்புத்தகம் கிடையாது. அமுதசுரபியை எடுத்துக்கொள். சிந்தாதேவி ஆபுத்திரனுக்குக் கொடுத்தது. அள்ள அள்ளக் குறையாது. பிறகு நாட்டில் மழை பெய்து வளம் கொழித்ததும் வாங்கி உண்ண ஆளில்லை. பசித்தவர்களைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஊருக்கெல்லாம் சோறு போடும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு தான் மட்டும் உண்ண மனம் வராமல், அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாமல் உயிர் விடுகிறான். பின்னால் மணிமேகலை கைக்கு வந்தபோதும், ஆதிரை இட்ட முதல் பிச்சையோடுதான் அது ஊருக்குச் சோறு போடத் தொடங்குகிறது. முன்கதை, நிபந்தனை, விலை மூன்றும் அந்த ஒரே பாத்திரத்தில் இருக்கின்றன.

அதை என் ஆட்டத்துக்குக் கொண்டுவந்தேன். சின்ன அட்டையில் எழுதி, ரோக் என்ற திருடர் வேடம் ஆடும் பெண்ணிடம் நீட்டினேன். மூன்றே வரி: முதல் பிடியை வேறொருவர் கேட்காமல் இட வேண்டும். வைத்திருப்பவர் தனியாக உண்டால் சுரக்காது. நீட்டிய கைக்கு இல்லை என்று சொல்ல முடியாது. கடைசி வரியைப் படித்ததும் அட்டையை மேசையில் குப்புற வைத்துவிட்டாள். அவர்கள் அப்போது முற்றுகையிடப்பட்ட ஒரு கோட்டைக்குள் இருந்தார்கள். உள்ளே மக்கள் பட்டினி. வெளியே பகைவர் படையும் பட்டினி. மதில் ஓரத்தில் வந்து அவர்களும் கை நீட்டினார்கள். போட்டால் முற்றுகை நீளும். போடாமல் இருக்க வழியில்லை. பாலடின் என்ற புனித வீரர் வேடம் ஆடுபவர் போடலாம் என்கிறார், ரோக் பாத்திரத்தைக் கிணற்றில் எறியலாம் என்கிறாள். அன்று மாலை முழுக்க யாரும் டைஸைத் தொடவில்லை. எனக்கு அதைவிட நல்ல ஆட்டம் அமைந்ததில்லை.

போஷன்கள் என்ற மந்திர மருந்துகளைப் பற்றியும் அவனிடம் சொல். கடைசிவரை குடிக்காமல் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். அதற்கு அதியமானின் நெல்லிக்கனிதான் மருந்து. அதன் பலனைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்தான் அல்லவா? அதையே விதியாக்கினேன். பலன் கனியை வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும், துண்டுச் சீட்டில். தானே உண்டால் வெறும் காய்; சொல்லிக் கொடுத்தாலும் வெறும் காய். சொல்லாமல் கொடுத்தால் மட்டும் உண்டவர் ஒருமுறை சாவிலிருந்து மீள்வார். எங்கள் கிளெரிக், அதாவது பூசாரி வேடம் ஆடுபவர், அதை யாருக்குக் கொடுத்தார் என்பதை நேரில் சொல்கிறேன், கடிதத்தில் அடங்காது.

ஒன்று மட்டும் வேண்டாம்: எடுத்தபின் கழற்ற முடியாத சாபப் பொருள்கள். ஆடுபவரை ஏமாற்றினால் அடுத்த முறை எதையும் தொடமாட்டார்கள். விலை இன்னதென்று முன்னாலேயே தெரிந்து, அப்படியும் அவர்கள் கை நீட்ட வேண்டும்.

அவன் மேசையில் யார் யார் என்ன பாத்திரம் ஆடுகிறார்கள், கதை எந்த ஊரில் நடக்கிறது என்று எழுதச் சொல். சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையில் மூன்று பொய்கைகள் வருமே, அவற்றை வைத்து அவனுக்கென்றே ஒன்று எழுதி அனுப்புகிறேன். டிசம்பர் டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்