ஏப்ரலில் போகிறோம், அவரும் வருகிறார்

ஏய்,

ஏப்ரல் மூன்றாம் வாரம் தெற்கு யூட்டாவின் எஸ்கலான்டே பள்ளத்தாக்குகளுக்குப் போகிறோம். அவரும் வருகிறார். யாராவது போடும் ஃபோட்டோவைப் பார்த்து நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன், அடித்தும் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. என் சாம்பார்பொடிப் பதிவுக்கு லைக் போட மட்டும் உனக்கு நேரம் இருக்கிறது. அப்படியென்றால் இதையும் படிப்பாய். சரி, இங்கேயே சொல்கிறேன்.

இங்கே மற்றவர்களும் படிப்பார்கள். நம் ஆட்கள் எல்லோரும், அவர் உள்பட. அதனால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்ததைப் பற்றி இதில் ஒரு வார்த்தை வராது. எனக்குத் தெரிந்ததே கொஞ்சம், அதிலும் பாதி அடுத்தவர் சொல்லிக் கேட்டது.

நீ கிளம்பிப் போனதற்கு அடுத்து வந்த வசந்தத்தில் யாருமே தெற்கே போகவில்லை. ஆளாளுக்கு ஆபீஸ் வேலை என்று சொல்லிக்கொண்டோம். அப்புறம் ஒருமுறை மோவாப் போகலாம் என்று பேச்செடுத்து, அவரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்காமலே அது அப்படியே அமுங்கிப்போனது. இந்த வருஷம் நான்தான் ஆரம்பித்தேன். ஆமாம், நானேதான். மார்ச் வந்தும் சால்ட் லேக்கில் பனி விட்டபாடில்லை, எனக்கு அந்தச் சிவப்புப் பாறையைப் பார்த்தே ஆகவேண்டும் போல இருந்தது. காட்டன்வுட் மரங்கள் துளிர்த்ததும் ஒரு பச்சை வருமே, சுவர் முழுக்கச் சிவப்பாக நிற்க அதற்கு முன்னால் யாரோ உள்ளே விளக்கேற்றி வைத்த மாதிரி, அது கொஞ்ச நாள்தான் நிற்கும். அப்புறம் வெறும் இலை. அதை இன்னொரு வருஷமும் விட எனக்கு மனசு வரவில்லை.

அவரை ஏன் கூப்பிட்டாய் என்று கேட்பாய். பதில் உனக்கே தெரியும். நம் கூட்டத்தில் வானத்தைப் பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். 2015 செப்டம்பரில் ஸையான் தேசியப் பூங்காவின் கீஹோல் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து, உள்ளே போன ஏழு பேரும் இறந்தார்களே, அதற்குப் பிறகு அவர் எத்தனை பிடிவாதமாகிவிட்டார் என்று பார்த்தவள்தானே நீ. தலைக்கு மேல் நீலமாக இருந்தால் போதாது, மேலே பீடபூமியில் எங்கோ பெய்தாலும் தண்ணீர் இந்தப் பாறைச் சந்துக்குள்தான் வரும் என்று ஒரு தடவை எங்களை எஸ்கலான்டே ஊருக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டு, எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தபோதும் அசையவில்லை. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அந்தக் களிமண் சாலை நனைந்தால் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது, போயிருந்தால் ராத்திரி முழுக்க அங்கேதான் கிடந்திருப்போம். என் வீட்டுக்காரர் இவரை நம்பி நான் பாறைச் சந்துக்குள் போகமுடியுமா? இவருக்கு வீட்டு வாசல் எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்றே தெரியாது. மலைக்கு நல்ல துணை வீட்டுக்கும் நல்ல துணையா என்பது என்னிடம் கேட்கவேண்டிய கேள்வி இல்லை. அதைப் பற்றி எழுதமாட்டேன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் நீ இல்லாமல் அந்தச் சாலையில் எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை. ஹோல் இன் தி ராக் சாலை முழுக்க அலை அலையாக மண் எழும்பிக் கிடக்கும், பல்லெல்லாம் ஆடும், நான் முதுகு வலிக்கிறது என்று வாயைத் திறந்ததும் நீ 1879க்குப் போய்விடுவாய். மார்மன் சபைக் குடும்பங்கள், ஏறக்குறைய 250 பேர், ஆறு வாரத்தில் போய்ச் சேரலாம் என்று குதிரை வண்டி கட்டிக் கிளம்பி ஆறு மாதம் ஆன கதை. கொலராடோ ஆற்றுக்கு இறங்க வழியில்லாமல் பாறைப் பிளவை வெடிவைத்து அகலப்படுத்தி, வண்டிகளைக் கயிறு கட்டி இறக்கிய கதை. "பொம்பளைங்க அந்தப் பிளவுல கைக்குழந்தையோட இறங்கியிருக்காங்க, நீ ஏசி போட்ட கார்ல உட்கார்ந்துக்கிட்டு முதுகு வலிக்குதுங்கற." ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே கதை. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போதும் நினைத்தால் கொஞ்சம் எரிச்சல்தான்.

அந்தக் கருப்பு மண்ணை இனி யார் காப்பாற்றப்போகிறார்கள்? புதரோரம் பொருபொருவென்று மேடுதட்டிக் கிடக்கிறதே, அது வெறும் மண் இல்லை, நுண்ணுயிர்கள் சேர்ந்து கட்டிய மேல்தோல், ஒரு செருப்புத் தடம் பட்டால் தேறுவதற்குப் பல வருஷம் ஆகும் என்று நீ முன்பின் தெரியாதவர்களைக்கூட நிறுத்தி வைத்துப் பாடம் எடுப்பாய். அந்த ஆள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பாறை மேலேயே தாவித் தாவிப் போனானே, நினைவிருக்கிறதா? எங்களில் யாருக்கும் அந்தத் தைரியம் கிடையாது. நான் சும்மா முறைப்பேன், அவ்வளவுதான்.

ஸ்பூக்கி, அந்த ஒடுக்கமான பாறைச் சந்து, அதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். நீ அதை எல்லோரிடமும் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வாய்.

பக்கத்துச் சந்தான பீக்-அ-பூ வழியாக ஏறி, மணலைத் தாண்டி, ஸ்பூக்கிக்குள் மேலிருந்து இறங்கினோம். விழுந்து கிடக்கும் பாறைகளின் இடுக்கில் ஒருத்தர் தோளில் ஒருத்தர் கால் வைத்து இறங்கியாகிவிட்டது, இனிமேல் திரும்பி ஏறுவது பெரும்பாடு. அதற்குக் கீழேதான் சுவர் நெருங்கியது. பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நண்டு நடை. ஒரு தடவை முகத்தை எந்தப் பக்கம் வைத்தோமோ அப்படியே போகவேண்டியதுதான், திருப்ப இடமில்லை. சுவரெல்லாம் பட்டாணி பட்டாணியாகப் புடைத்துக்கொண்டு முழங்கையை உரித்தது. என் உடம்பு மாட்டிக்கொள்ளவில்லை, அதை நீ கதை சொல்லும்போது தப்பாகவே சொல்கிறாய். மாட்டியது மூச்சு. ஆழமாக இழுத்தால் மார்பில் பாறை இடிக்கிறது, இடித்ததும் பயந்து இன்னும் ஆழமாக இழுக்கிறேன். பின்னால் இவர், இவருக்குப் பின்னால் யாரோ ஒரு குடும்பம், அவர்கள் வீட்டுச் சிறுவன் மாட்டிக்கிட்டோமா அப்பா என்று ஆங்கிலத்தில் கேட்டது என் காதில் விழுகிறது. முன்னால் நீ. உன் முகம்கூடத் தெரியவில்லை, கொண்டைதான் தெரிந்தது.

"மூச்ச விடுடி. இழுக்காத, விடு. விட்டாத்தான் உடம்பு சுருங்கும்."

விட்டேன். அரை அடி நகர்ந்தேன். மறுபடி நின்றுவிட்டேன். நீ கையைப் பின்னால் நீட்டி என் பையை வாங்கிக்கொண்டு, சுண்டுவிரலால் என் சுண்டுவிரலைக் கொக்கி போட்டுப் பிடித்து, என் மாமியாராக இருந்தால் இந்நேரம் அந்தப் பக்கம் போய்க் காபி கேட்டிருப்பார் என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் மார்பு விரிகிறது, பாறை இடிக்கிறது, வலியும் சிரிப்புமாக எப்படி நகர்ந்தேனோ. உன் வளையல் வழி நெடுக உரசிக்கொண்டே வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு பக்கம் தேய்ந்தே போய்விட்டது அது. தாய்வீட்டு வளையல். நீ அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

வெளியே வந்த பிறகு நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் தெரியும். நீ பாட்டுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து எனக்குக் கொடுத்தாய், புளியோதரை டப்பாவை எடுத்து எல்லோருக்கும் பிரித்தாய், நான் உன் முகத்தைப் பார்த்தேன், நீ பார்க்கவிடவில்லை. அன்று ராத்திரி கூடாரத்துக்குள் நீ விழித்திருந்தது எனக்குத் தெரியும், துணி என்பதால் அடுத்த கூடாரத்தில் புரண்டு படுத்தால்கூடக் கேட்கும். நான் எழுந்து வந்திருக்கலாம் என்று நீ நினைக்கலாம். கூப்பிட்டிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். நீ எங்கள் எல்லோருக்கும் செய்வாய், உனக்கு யாரும் எதுவும் செய்ய விடமாட்டாய், அப்புறம் ஒருநாள் "குழுவிலிருந்து வெளியேறினார்" என்று வாட்ஸ்அப் வந்து எனக்குச் சொல்லவேண்டும். ஏர்போர்ட்டுக்குக்கூட டாக்சியில் போயிருக்கிறாய். எங்கள் வீட்டில் இரண்டு கார் சும்மா நின்றது.

போகிறேன் என்பதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. உனக்கு வலிக்கும் என்பதற்காகக் கேட்கிறேன், மன்னித்துக்கொள். போவதற்காகக் கேட்கமாட்டேன். உன் பக்கம் நிற்கிறேன் என்று காட்ட நான் வீட்டில் உட்காரவேண்டும் என்று யார் சொன்னார்கள்? நீ சொல்லவில்லை, அது தெரியும். நீதான் எதையுமே சொல்வதில்லையே.

இந்த முறை கயோட்டி கல்ச் பள்ளத்தாக்கு மட்டும்தான். ஜேக்கப் ஹாம்ப்ளின் பாறை வளைவுக்குக் கீழே இரண்டு ராத்திரி. பேசினால் சுவர் திருப்பிப் பேசுமே, அந்த இடம். கணுக்கால் தண்ணீரில் நடை, சோற்றில் மணல், வெளிக்குப் போனதையும் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு திரும்பவேண்டிய அந்தக் கண்றாவி, எல்லாம் அப்படியே. யாரோ ஸ்பூக்கியும் போகலாம் என்றார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று இவர் கேட்டார், முழங்கால் வலி என்றேன்.

உன் ஸ்லீப்பிங் பேக் எங்கள் கராஜில்தான் இருக்கிறது, எடுத்துப் போகவும் மறந்திருக்கிறாய். என்னுடையதில் ஜிப் போய்விட்டது, ராத்திரி அங்கே எவ்வளவு குளிரும் என்று உனக்குத் தெரியும், அதனால் உன்னுடையதை எடுத்துக்கொண்டு போகிறேன். கூடாது என்றால் ஏப்ரல் பத்துக்குள் ஃபோன் பண்ணிச் சொல்லு. மெசேஜ் எல்லாம் செல்லாது.